செய்யாமல் விட்டவை

குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள். காலை 8.10

செவ்வாய்க் கிரகம், வடபனி நிலையம், மருத்துவக் கூடம். எழுதுபவர்: மருத்துவர் உமையாள்.

குழந்தை ஸ்டெல்லா. தாய் மாதரசி, நிலையத்தின் வெல்டர். தந்தை சூசை, பனியைத் துளைக்கும் இயந்திரத்தை ஓட்டுபவர். பன்னிரண்டு வாரம் முந்திப் பிறந்தவள். எடை ஆயிரத்து நூற்றிருபது கிராம், நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதல். மூக்கில் சிறு குழாய் வழியாகக் காற்றழுத்தம். அதில் ஆக்சிஜன் நாலில் ஒரு பங்கு. தாய்ப்பால் வயிற்றுக் குழாய் வழியாகப் போகிறது. செரிக்கிறது.

மாதரசி கருவுற்றது தெரிந்தபோது பூமிக்குத் திரும்பும் கப்பல் கிளம்பிப் போயிருந்தது. இங்கே இன்குபேட்டர் கிடையாது. கீரை நாற்று வளர்க்கும் பெட்டி ஒன்றை மாற்றி வைத்திருக்கிறேன். சூடு நிற்கிறது.

எனக்குப் பிறகு இந்த வேலைக்கு வருபவருக்காக, செய்தவற்றோடு செய்யாமல் விட்டவற்றையும் எழுதி வருகிறேன். இன்று ரத்தம் எடுக்கவில்லை. அவள் உடம்பில் உள்ள மொத்த ரத்தமும் ஒரு டம்ளர் காப்பிக்குக் காணாது. தொப்புளில் போட்ட குழாயை முன்பே எடுத்துவிட்டேன். அது இருந்தால் எனக்கு வசதி, கிருமிக்கும் வசதி. கன்னத்துப் பிளாஸ்திரியை மாற்றவில்லை. உரித்தால் தோலும் கூட வரும். பெட்டியின் மேல் கனத்த துணி போட்டு வெளிச்சத்தைக் குறைத்திருக்கிறேன்.

பூமியில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் நான் கண்ட சேதங்களில் பாதி, அக்கறையோடு செய்யப்பட்டவை. கொஞ்சம் அதிக ஆக்சிஜன். கொஞ்சம் அதிக அழுத்தம். மருந்தளவில் தப்பான இடத்தில் ஒரு தசமப் புள்ளி.

மாதரசி குடியிருப்பிலிருந்து ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள்.

"டாக்டரம்மா, பால் எடுத்து வச்சிட்டேன். பத்து மணிக்குக் கொண்டுட்டு வாரேன். பிள்ள என்ன செய்யுதா?"

"தூங்குறா."

"அப்பம் எழுப்பிராதீங்க."

நல்ல தாய்.

அதே நாள். காலை 10.35

தரை சரிந்துவிட்டது.

நிலையத்தின் சூட்டில் அடியிலுள்ள பனி உருகுகிறது என்று ஆறு மாதமாகப் பேச்சு இருந்தது. மருத்துவக் கூடத்துக்கும் குடியிருப்புக்கும் நடுவிலுள்ள இணைப்புப் பாதை கிழிந்து போயிற்று. கூடத்தின் கதவு தானாக அடைத்துக்கொண்டது. கூடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. உள்ளே நானும் குழந்தையும் மட்டும்.

மாதரசி பால் புட்டியோடு அந்தப் பக்க வாசலில் நின்றிருக்கிறாள். இரண்டு எட்டு எடுத்து வைத்திருந்தால் அவள் இல்லை.

பெட்டி கவிழவில்லை. ஸ்டெல்லாவுக்கு அடி இல்லை. மூக்குக் குழாய் நழுவியிருந்தது, சரி செய்தேன். முதலில் அவளைப் பார்த்தேன். என் நெற்றியில் ரத்தம் வழிவதைப் பிறகுதான் கவனித்தேன்.

அதே நாள். பிற்பகல் 2.00

நிலையப் பொறுப்பாளர் தண்டபாணி வானொலியில் பேசினார். நிலைமை இதுதான்.

மின்சாரம் போய்விட்டது, பேட்டரி இருக்கிறது. கரியமில வாயுவை வடிக்கும் இயந்திரம் இணைப்புப் பாதையோடு போயிற்று. அவசரத்துக்கு வைத்திருக்கும் வடிகட்டிப் பெட்டிகள் இரண்டு உள்ளன. ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று முழுதாக இருக்கிறது. முன்பே எடுத்து வைத்த தாய்ப்பால் இரண்டு நாளுக்குக் காணும். ஆனால் ஆக்சிஜனையும் காற்றையும் அளவாகக் கலந்து தரும் கருவிக்கு நிலையத்திலிருந்து அழுத்தக் காற்று வர வேண்டும். வரவில்லை. கருவி இனி உதவாது. அறைக் காற்றைச் சின்ன ஊதியால் மூக்குக்கு அனுப்பி, அதில் ஆக்சிஜனைக் கைத்திருகால் துளித்துளியாகக் கசியவிடுகிறேன்.

இந்தக் கூடத்துக்கு வெளிக்கதவு இல்லை. உள்ள ஒரே கதவைத் திறந்தால் காற்று முழுவதும் வெளியே போய்விடும். ஆயிரம் கிராம் குழந்தைக்கு விண்வெளி உடை யாரும் தைத்ததில்லை. கதவைச் சுற்றி ஒரு இரும்பு வளையத்தை வெல்டு செய்து, உதிரிப் பாதையை அதில் பொருத்தி, காற்று நிரப்பிய பிறகுதான் திறக்க முடியும். இரண்டு நாள் ஆகுமாம். எங்கள் காற்றும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்.

காற்றுக் கசியாமல் வெல்டு போடத் தெரிந்தவள் நிலையத்தில் ஒருத்திதான். ஒன்பது நாளுக்கு முன் பிள்ளை பெற்றவள். இன்னும் உதிரம் நிற்கவில்லை. வேண்டாம் என்றேன். வானொலியில் அவளே வந்தாள்.

"வேற யாரு போடுவா டாக்டரம்மா? சூசைக்குக் கம்பி பிடிக்க மட்டுந்தான் தெரியும். நான் உடுப்பு மாட்டிட்டேன். ஒங்க கதவுக்கு வெளியதான் நிக்கேன்."

கதவுக்கு வெளியே. ஒரு கை அகல இரும்பு நடுவில்.

அதே நாள். மாலை 5.20

யாரும் முதலில் யோசிக்காத ஒன்று. வெல்டு போடும்போது உள்சுவர் பழுக்கக் காய்கிறது. குளிர் தடுக்கச் சுவரில் பதித்த மெத்தை புகைகிறது. அந்த நேரம் அறையில் ஆக்சிஜன் கசிந்தால் பற்றிக்கொள்ளும். எனவே அவள் நெருப்பு வைக்கும்போது நான் திருகை மூட வேண்டும். மூடினால் ஸ்டெல்லா மெல்ல நீலம் பாரிக்கிறாள். அப்போது நான் சொல்ல, மாதரசி நிறுத்துகிறாள். நான் திறக்கிறேன். நிறம் திரும்புகிறது. மறுபடி மூடுகிறேன்.

நான்கு முறை இப்படி ஆன பிறகு அவள் கேட்டாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டா? நான் நெருப்பு வைக்கிற நேரமெல்லாம் எம் பிள்ளைக்குக் காத்து இல்லையா?"

"காத்து இருக்கு மாதரசி. கொஞ்சம் கம்மியா இருக்கு."

கம்பி மாற்றும் சத்தம் கேட்டது. பிறகு, "மூடிட்டீங்களா? வைக்கேன்" என்றாள்.

பத்தாம் நாள். காலை 7.45

பூமியிலிருந்து செய்தி வந்தது. அங்கிருக்கும் மருத்துவக் குழு அனுப்பியது. "ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை நூற்றுக்குத் தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றைந்துக்குள் வைக்கவும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்த வாயுப் பரிசோதனை செய்யவும். தாயின் அருகாமை நல்லது." எல்லாம் சரி. தரை சரிவதற்கு முன் எழுதியது; இந்த அமளியில் இன்றுதான் எனக்கு வாசித்துக் காட்டினார்கள்.

தண்டபாணிக்கு வேறொரு யோசனை.

"டாக்டர், நிறுத்தி நிறுத்திப் போட்டா முடியாதுங்க. ஒரு மணி நேரம் முழு ஆக்சிஜன் குடுத்துடுங்க. குழந்தை நல்லாத் தெம்பாயிடும். அப்புறம் மூடிட்டு, நாங்க ஒரே மூச்சா ரெண்டு மணி நேரம் வேலை பாத்துக்கிறோம்."

"உடம்புல ஆக்சிஜனச் சேத்து வைக்க முடியாதுங்க. முழுசாக் கொடுத்தா இப்ப பாக்க நல்லாயிருப்பா. கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் இன்னும் வளரல, அது கெட்டுப்போகும். நுரையீரலும் வெந்துபோகும்."

"உயிரோட இருந்தாப் போதாதுங்களா டாக்டர்?"

அது தப்பான கேள்வி இல்லை. மாதரசி குறுக்கே வந்தாள்.

"சார், கொறச்சே குடுக்கட்டும். நான் வேகமாப் போடுதேன். கதவத் தொறந்து உள்ள வந்தா, அவ என்னப் பாக்கணும்லா."

ஆக்சிஜனை முழுதாகத் திறக்கவில்லை.

பத்தாம் நாள். பிற்பகல் 3.30

முதல் வடிகட்டிப் பெட்டி தீர்ந்தது. சொன்னதைவிடச் சீக்கிரம். இரண்டாவதை மாட்டினேன்.

பேட்டரி இறங்குகிறது. நாற்றுப் பெட்டியைச் சூடாக்குவதா, மூக்குக்கு ஊதியை ஓட்டுவதா என்று வந்தது. சூடு என்னிடம் இருக்கிறது. பெட்டியை அணைத்துவிட்டு, சட்டைக்குள் என் நெஞ்சின் மேல் அவளைக் குப்புறப் படுக்கவைத்துத் துணியால் கட்டிக்கொண்டேன். ஊதி ஓடுகிறது.

பெட்டியில் இருந்ததைவிட நன்றாகவே இருக்கிறாள். ஆக்சிஜன் தேவை சற்றுக் குறைந்திருக்கிறது. இதைப் படிப்பவர் கவனிக்க.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான தாய்மார்களின் நெஞ்சில் குழந்தைகளை வைத்திருக்கிறேன். என் நெஞ்சில் யாரும் வைத்ததில்லை. இது மருத்துவப் பதிவில் வர வேண்டியது இல்லை. இருக்கட்டும்.

மாதரசியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள் என்று நினைக்கிறேன். தலைக்கவசத்துக்குள் எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது.

"இங்கன உடுப்புக்குள்ள பால் ஊறுது டாக்டரம்மா. நெஞ்செல்லாம் நனஞ்சு குளுருது. அவ கேக்காளா?"

"தூங்குறா."

"ஒங்க மேலயா?"

"என் மேலதான்."

"சரி" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்ன இருந்ததோ.

பதினோராம் நாள். காலை 9.00

தலைவலி. இரண்டாவது வடிகட்டியும் சரியாக வடிக்கவில்லை. கரியமில வாயு ஏறுகிறது. எழுதியதை இருமுறை படிக்கிறேன்.

மூச்சை மறக்காமலிருக்க அவளுக்குத் தினம் ஒருவேளை கஃபீன் கொடுக்கிறேன். இந்த வயதுக் குழந்தைகள் மூச்சுவிட மறப்பார்கள். மருந்தை இருவர் சரிபார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது விதி. இங்கே இன்னொருவர் இல்லாததால் வானொலியில் தண்டபாணியிடம் சொல்லிச் சரிபார்த்து வந்தேன். இன்றும் ஊசியில் எடுத்துவிட்டு அளவைச் சொன்னேன்.

"டாக்டர், திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன்.

"நேத்து அரை மில்லின்னு சொன்னீங்க. இப்ப அஞ்சுங்கறீங்க."

ஊசியைப் பார்த்தேன். அஞ்சு மில்லி. நான் எடுத்திருந்தேன். பத்து மடங்கு. அவர் கேட்டிராவிட்டால் இந்நேரம் கொடுத்திருப்பேன். கொடுத்ததும் சரியாகக் கொடுத்தேன் என்று இங்கே எழுதியும் இருப்பேன்.

கொட்டிவிட்டேன். கஃபீன் உடம்பில் நாலைந்து நாள் நிற்கும். இன்றைய வேளையை விட்டால் சாக மாட்டாள். என் கணக்கு இப்படியே போனால் சாவாள்.

மருந்துப் பெட்டி முழுவதையும், மாதிரிகளை வெளியே அனுப்பும் சிறு துவாரத்தில் வைத்து உள்மூடியை அடைத்து, வெளியே தள்ளிவிட்டேன். இனி நான் நினைத்தாலும் எடுக்க முடியாது.

இந்த அறையில் அவளுக்கு மிக ஆபத்தான பொருள் எது என்று கேட்டால், நான்.

பதினோராம் நாள். நண்பகல் 12.15

மறக்கிறாள். மூச்சு நிற்கிறது, நிறம் மாறுகிறது. உள்ளங்காலை விரலால் வருடினால் ஒரு துடிப்பு, மறுபடி மூச்சு விடுகிறாள். வருட நான் விழித்திருக்க வேண்டும். என் கண் செருகுகிறது.

மாதரசி விடாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். பற்றவைக்கும்போதும் பேசுகிறாள். முதலில் பிள்ளையைப் பற்றி. பிறகு எதை எதையோ: வெல்டிங் படிக்கச் சேர்ந்த அன்று வாத்தியார் அவளைப் பார்த்து, தையல் வகுப்பு அடுத்த கட்டடம் என்று சொன்னது, சூசை அவளைப் பெண் பார்க்க வந்து, கை முழுக்கத் தீக்காயத் தழும்பைப் பார்த்துவிட்டு, சமைக்கத் தெரியாதோ என்று கேட்டது.

"டாக்டரம்மா, தூங்கிராதீங்க. ஏ டாக்டரம்மா!"

"இருக்கேன்."

"பிள்ள?"

"இருக்கா."

"காலத் தடவுங்க."

தடவினேன்.

பதினோராம் நாள். பிற்பகல்

தூங்கிவிட்டேன்.

ஆக்சிஜன் திருகைத் திறந்து வைத்தபடி. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அறையெங்கும் பரவியிருந்தது. வெளியே மாதரசி பற்றவைக்கக் கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மூடிட்டீங்களா? மூடிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறாள். பதில் வராததால் வைக்கவில்லை. வைத்திருந்தால் மூவரும் போயிருப்போம்.

எழுப்பியது அவள் சத்தம் அல்ல. சூசை சுத்தியலால் சுவரில் அடித்தது. திருகை மூடி, தேங்கிய ஆக்சிஜனைத் துணியால் விசிறிக் கலைத்தேன்.

ஸ்டெல்லா உயிரோடு இருக்கிறாள். அது எப்படி என்று எனக்குத் தெரியாது.

இனித் திறக்கவும் மூடவும் என்னை நம்ப முடியாது. திறந்தே வைத்தால் வெல்டு போட முடியாது, கதவு திறக்காது. மூடியே வைத்தால் அவள் இந்தக் கெட்ட காற்றை மட்டும் வைத்துத் தாக்குப்பிடிக்க வேண்டும். மாதரசியிடம் இரண்டையும் சொன்னேன். நான் முடிவு செய்யலாம்தான். ஆனால் பிள்ளை அவளுடையது.

அவள் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் தாங்குவா?"

"தெரியல மாதரசி. என் மேல குப்புறப் படுத்திருக்கா. கால வருடிட்டே இருந்தா தாங்கலாம்."

"நான் நிறுத்தாமப் போட்டா மூணு மணி நேரத்துல முடிச்சிருவேன்."

"போடு."

முதல்முறையாக அவளைப் போடு என்று சொன்னேன். இதுவரை போடுங்க என்றுதான் சொல்லி வந்தேன்.

மூடிய திருகின் கைப்பிடியைக் கழற்றி, அதையும் துவாரத்தில் தள்ளிவிட்டேன்.

பதினோராம் நாள். மாலை

குரலில் பதிகிறேன். விரல் எழுத்தைத் தவறவிடுகிறது.

வளையம் முடிந்தது. மாதரசி முடித்துவிட்டாள். உதிரிப் பாதையை இழுத்து வந்து வைத்தார்கள். பொருத்திக் காற்றடித்தார்கள். எனக்கு ஒரு ஓசை கேட்டது, சீட்டி மாதிரி. அப்புறம் தரை ஒருமுறை அசைந்தது.

தண்டபாணி தனியாகக் கூப்பிட்டார்.

"டாக்டர். கூடம் இன்னும் ஒரு சாண் இறங்கிருச்சுங்க. வளையம் கீழ்ப்பக்கம் வாய் பிளந்துருச்சு. காத்து நிக்கல."

"எவ்வளவு?"

"பாதிக்கு மேல திரும்பப் போடணும்."

"எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லைங்க."

"தெரியும் டாக்டர்."

மாதரசியிடம் யாரும் சொல்லத் தேவையில்லை. அவள் கையால் போட்டது, அவள் கண் முன்னால் பிளந்தது. அவள் கத்தவில்லை. சூசை அழுவது கேட்டது. அவனிடம் அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"அழுதா கை நடுங்கும். கம்பியக் குடு."

மறுபடி போடுகிறாள்.

வானொலியின் பேட்டரியைக் கழற்றி ஊதியில் மாட்டப்போகிறேன். அவளிடம் சொன்னேன். இனி என்னை எழுப்ப அவள் குரல் இருக்காது. அவளுக்கும் எங்கள் சத்தம் இருக்காது.

"டாக்டரம்மா, அவ காதுக்கிட்ட வைங்க, ஒரு வாட்டி."

வைத்தேன். அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று காதைப் பொத்திக்கொண்டேன்.

நேரம் தெரியவில்லை

கதவைத் திறப்பவர்களுக்கு. மெதுவாகச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

பயத்தில் வருவீர்கள். பயத்தில் அதிகமாகச் செய்வீர்கள். அதைத்தான் செய்யக் கூடாது.

விளக்கை முகத்தில் அடிக்காதீர்கள். கத்தாதீர்கள். அவளை என் மேலிருந்து உடனே பிடுங்காதீர்கள். என் உடம்பில் சூடு இருக்கும்வரை இங்கேயே இருக்கட்டும். சூடு போயிருந்தால் மாதரசி தன் உடுப்பைக் கழற்றிவிட்டு, தோலோடு தோலாக வாங்கிக்கொள்ளட்டும். வேறு யாரும் வேண்டாம்.

ஆக்சிஜன் கொண்டுவருவீர்கள். முழுதாகத் திறக்காதீர்கள். நீலமாக இருந்தாலும். முதலில் நல்ல காற்று, மூக்கின் அருகே. உதடு சிவக்கிறதா பாருங்கள். சிவந்தால் போதும். ரோஜா நிறம் வரவேண்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மூச்சு இல்லாவிட்டால் சின்ன முகமூடியால் ஊதுங்கள். மெல்ல. நெஞ்சு லேசாக அசைந்தால் போதும். அவள் நுரையீரல் இரண்டும் உங்கள் கட்டைவிரல் அளவுதான். பெரியவர்களுக்கு ஊதுவதுபோல் ஊதினால் கிழிந்துபோகும்.

நரம்பில் ஊசி தேடிக் குத்திக்கொண்டே இருக்காதீர்கள். கன்னத்துப் பிளாஸ்திரியை இழுக்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து எடுங்கள். பால் உடனே வேண்டாம். பிறகு தாயின் பால், துளித்துளியாக. மருந்து எதுவானாலும் ஒருவர் சொல்ல, இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அவசரமாக இருந்தாலும். அவசரமாக இருந்தால் கட்டாயம்.

என்னிடம் முதலில் வராதீர்கள். எனக்கு ஏதும்

இருங்கள். கால்.

மூச்சு விடுகிறாள்.

நேரம்

ஊதி நின்றுவிட்டது. மூக்குக் குழாயை எடுத்துவிட்டேன். காற்று வராத குழாய் அவளுக்கு ஒரு அடைப்புதான்.

அறை இருட்டு. குளிர் முதுகில். நெஞ்சில் மட்டும் சூடு. கதவைச் சுற்றிச் சுவர் ஒரு இடத்தில் மங்கலாகச் சிவந்திருக்கிறது. அந்தச் சிவப்பு மெல்ல நகர்கிறது. மாதரசி இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் கால்வட்டம்கூட ஆகவில்லை. பார்க்கத் தெரிகிறது.

அவளுக்கு என்ன சொல்வது. நல்ல தொழில்காரி.

காலை வருடுகிறேன். வருடுகிறேனா. விரல் மரத்துவிட்டது. விரல் காலில் இருக்கிறதா துணியில் இருக்கிறதா.

தடவுங்க என்றாள். இல்லை, வானொலி இல்லை.

அவள் ஆக்சிஜனை அளக்கும் கருவி அணைந்துவிட்டது. இருட்டில் அவள் நிறம் தெரியவில்லை. காது இரைகிறது. நெஞ்சின் மேல் அவள் ஏறி இறங்குகிறாள். ஏறி, இறங்கி. சீராக. இவ்வளவு சீராக இந்த வயதுக் குழந்தை மூச்சுவிடாது.

அவள் மூச்சா. என் மூச்சு அவளைத் தூக்கி இறக்குகிறதா.

தெரிந்துகொள்ள ஒரு வழிதான். நான் மூச்சை நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் அவள் அசைந்தால்

நிறுத்துகிறேன்.